நீ கூப்பிட்ட விலை

இன்று காலை வேலையிடத்தில் மார்க்கர் பேனையைத் திறந்துகொண்டு பலகைக்கு முன்னால் நின்றேன். இங்கே மொன்றியலில், செயின்ட்-லோரன்டில் மாத்திரைப் பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்கு நான்தான் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். சனிக்கிழமை லீவு ஒருத்திக்குத்தான் கொடுக்கலாம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒருத்திக்கு ஊரைக் கூட்டும் தொண்டை. மற்றவள் போன மாதம் வந்து சேர்ந்த மட்டக்களப்புப் பிள்ளை, அவளுடைய உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. என் கை போய் உரத்த தொண்டைக்காரியின் பெயரை எழுதிவிட்டது. மற்றவள் கையுறையை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். பேனையின் மை மணம் மூக்கில் ஏறியது. 

நீ போய் இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு மண்டபம் எடுத்தாகிவிட்டது, சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே சொல்கிறார்கள், செத்தவர்களுக்கு உள்ள சலுகை அது. நான் உனக்கு என்ன செய்தேன் என்பதை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை. உன்னிடமே முப்பது வருடத்துக்கு மேல் பொய் சொல்லிப் பழகிவிட்டேன். வாசிக்க நீ இல்லை என்றான பிறகுதான் எழுத வருகிறது. இதுவும் கோழைத்தனம்தான், தெரியும்.

நாங்கள் வேலை செய்த அந்த அறையைப் பற்றி இங்கே யாருக்காவது சொன்னால் படங்களில் வருகிற பெரிய மண்டபத்தை நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாட்டின் பங்குச் சந்தை என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும். நம்முடையது கொழும்பில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி அறை. முந்தி நாலைந்து தரகர்கள் தேயிலை, றப்பர்த் தோட்டக் கம்பனிகளின் பங்குகளைத் தங்களுக்குள் வாங்கி விற்ற இடம். பிறகு அரசாங்கம் கதவைத் திறந்துவிட, ஹோட்டல், வங்கி, ஓட்டுத் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக வந்து பட்டியலில் ஏறின. தரகர் கம்பனிகளும் பெருகின. அறை மட்டும் பெரிதாகவில்லை. கதிரைகளை நெருக்கிப் போட்டு, பின்பக்கம் பொதுசனம் வந்து பார்க்க ஒரு கண்ணாடித் தடுப்பும் வைத்து, அதற்குச் சந்தை என்று பெயர் வைத்தார்கள்.

வேலை நடந்த விதம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எழுதினால்தான் நான் செய்தது எனக்கே முழுதாகத் தெரிகிறது. பெயர் வாசிக்கிற பெரியவர் பட்டியலை எடுத்து ஒரு கம்பனியின் பெயரைச் சொல்வார். வாங்க விரும்புகிற தரகர் தன் விலையைக் கத்துவார், விற்க விரும்புகிறவர் தன் விலையைக் கத்துவார். நான் பலகையின் இடப்பக்கம் வாங்கும் விலையையும் வலப்பக்கம் விற்கும் விலையையும், அதைச் சொன்ன தரகர் கம்பனியின் இலக்கத்தோடு எழுதுவேன். இரண்டும் பொருந்தினால் வியாபாரம் முடிந்தது. ஒருவரும் வாய் திறக்காவிட்டால் நான் ஒரு கோடு இழுப்பேன், அவர் அடுத்த பெயருக்குப் போவார். பெரும்பாலும் கோடுதான். சில கம்பனிகளுக்கு மாதக்கணக்கில் கோடு. எப்போதோ ஒரு நாள் நூறு பங்கு கைமாறிய விலையைப் பத்திரிகை தினமும் போட்டுக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து ஓய்வூதியக்காரர்கள் தங்களைப் பணக்காரர் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். விற்கப் போனால்தான் தெரியும், வாங்க ஆள் இல்லை என்று.

ஒரே விலையை இரண்டு பேர் சொன்னால் முதலில் சொன்னவருக்கு உரிமை. கடதாசியில் விதி அப்படித்தான் இருந்தது. முதலில் சொன்னவர் யார் என்பதற்கு ஒரே சாட்சி, பலகையில் முதலில் ஏறிய இலக்கம். அதாவது என் காதும் என் கையும். இருபத்துமூன்று வயதுப் பெண்ணிடம் இவ்வளவு அதிகாரம் கிடக்கிறது என்று அந்த அறையில் என்னைத் தவிர ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நீ ஏழாம் இலக்கத் தரகர் கம்பனியின் ஆளாக அந்த அறைக்கு வந்தாய். சின்னக் கம்பனி, நம்மவர் ஒருவருடையது. விலை கூப்பிடுகிறவர்களில் நீ ஒருத்திதான் பெண். மற்றவர்களில் பாதிப் பேர் ஒரே கிளப்பில் டெனிஸ் ஆடுகிறவர்கள், மீதிப் பேர் அவர்களுக்கு மச்சான்மார். உன் குரல் அவர்களுடைய இருமலுக்குக்கூடக் காணாது. முதல் கிழமை உன் விலை ஒன்றும் பலகையில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் நாம் சேர்ந்து வாடகைக்கு இருந்த அறைக்கு வந்து கட்டிலில் குப்புற விழுந்தாய்.

"நான் கத்துறன், ஒருத்தருக்கும் கேக்குதில்லை. இன்னும் ஒரு கிழமை இப்பிடியெண்டா என்னை நிப்பாட்டிப் போடுவினம்" என்றாய்.

திங்கட்கிழமை முதல் நான் உன் வாயைப் பார்க்கத் தொடங்கினேன். மூன்றாம் வரிசை, யன்னலோரம். இலக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஃபைவ் என்றால் மேற்பல் கீழுதட்டில் படும், டூ என்றால் உதடு குவியும். இரண்டு கிழமையில் உன் வாயை வாசிக்கப் பழகிவிட்டேன். நீ உதட்டைத் திறக்கும்போதே ஏழாம் இலக்கம் பலகையில் ஏறிவிடும். குரல் பெருத்தவர்கள் சிலவேளை முணுமுணுத்தார்கள், ஆனால் பலகையில் ஏறியதை அழிக்கிற வழக்கம் இல்லை. உன் முதலாளி உன்னைக் கூப்பிட்டு "பிள்ளைக்கு வெண்கலக் குரல்" என்று பாராட்டினாராம். அதை நீ எனக்கு மூன்று தரம் சொன்னாய். நானும் மூன்று தரம் தலையாட்டினேன். தோழிக்குச் செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. நீ அறியாமல் உன் சீவியம் என் கையில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இப்படி இரண்டு வருடம். நீ நடக்கிற நடையே மாறிவிட்டது. புதுச் சேலை, புதுக் கைப்பை, தேநீர் இடைவேளையில் அவர்களோடு நின்று பகிடி. ஒரு நாள் நான் என் கோப்பையை எடுக்க வந்தேன், நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். பதினோராம் இலக்கக் கம்பனியின் நெட்டையன், அந்த அறையிலேயே பெரிய தரகர் கம்பனியின் ஆள், உன்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான், நாள் முழுக்க எழுதி எழுதி உன் சிநேகிதிக்குக் களைக்காதா என்று. நீ சிரித்துக்கொண்டு சொன்னாய், அவளுக்கென்ன, அந்த வேலைக்குக் கை இருந்தால் போதும், தலை தேவையில்லை என்று. எல்லோரும் சிரித்தார்கள். நீ கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர்களோடு சேர்ந்து சிரிக்க உனக்கு ஏதாவது வேண்டியிருந்தது, கிட்டக் கிடந்தது நான்.

எனக்குக் காது நல்லது. அதுதான் நம் இருவருக்கும் வந்த கேடு. நான் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். கோபம் அன்றே வந்திருந்தால் சண்டை பிடித்து முடித்திருப்போம். நான் அதைப் பதினொரு நாள் வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் உன்னிடம் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபரின் பங்குகள் இருந்தன. ஓட்டுத் தொழிற்சாலைக் கம்பனியில் ஆயிரம் பங்கு. உன் முதலாளி கொடுக்காமல் நீயாகத் தேடிக்கொண்ட முதல் வாடிக்கையாளர் அவர். அந்தத் தொழிற்சாலையைப் பற்றி ஊரில் நல்ல கதை இல்லை. கிடைக்கிற விலைக்கு விற்றுத் தரும்படி மனுசன் உன்னைக் கெஞ்சியிருந்தார். ஐந்து மாதமாக அந்தப் பெயருக்கு நேரே நான் கோடுதான் இழுத்துக்கொண்டிருந்தேன். அன்று காலை அதை வாங்க ஒருவன் வந்திருக்கிறான் என்று அறைக்குள் வரும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சின்னச் சந்தையில் இரகசியம் என்று ஒன்றும் இல்லை. தபாலதிபர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் பெயரை வாசித்தார். வாங்குகிறவன் ஆயிரம் பங்கு, ஒன்று பதினெட்டு ரூபாய் என்று கத்தினான், எழுதினேன். நீ எழுந்து நின்று விற்க என்று கூப்பிட்டாய். உனக்கு அரை மூச்சுப் பிந்தி நெட்டையன் அதே விலையைக் கூப்பிட்டான். நான் பதினொன்று என்று எழுதினேன். வியாபாரம் முடிந்தது.

"நான்தான் முதல்" என்று நீ சொன்னாய்.

பெரியவர் பட்டியலைக் கீழே வைத்தார். பிணக்கு வந்தால் அந்த இடத்திலேயே தீர்ப்பது அங்கே வழக்கம், விசாரணை என்று தனியாக ஒன்றும் கிடையாது. அவர் என் பக்கம் திரும்பி, ஏழாம் இலக்கம் கூப்பிட்டது கேட்டதா என்று கேட்டார். இல்லை சேர், எனக்குக் கேட்கவில்லை என்றேன். உனக்குப் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார். அவன் நெட்டையனை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் கடதாசியைப் பார்த்துக்கொண்டு, கவனிக்கவில்லை என்றான். வேறு ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். அந்தப் பெரிய கம்பனியோடு நாளைக்கும் வியாபாரம் செய்ய வேண்டும், ஏழாம் இலக்கத்தோடு செய்யாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. நீ என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாய். பெரியவர் அடுத்த பெயரை வாசித்தார்.

அன்று பின்னேரம் நீ சோறு போட்டு, எனக்கும் முட்டை பொரித்து வைத்துவிட்டுக் கேட்டாய்.

"உண்மையாத்தான் உனக்குக் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை."

"அந்த ஐயாவும் சொல்லுறார், நான் எழும்பி நிண்டதைக் கண்டவராம், சத்தம் வரேல்லையாம்."

"கண்ணாடிக்கு அங்கால எப்பிடிக் கேக்கும்?" என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வசனம் உன்னைக் காப்பாற்றியிருக்கும். நான் முட்டையைச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து எட்டாம் நாள் ஓட்டுத் தொழிற்சாலையை மூடினார்கள், அந்தக் கம்பனியின் பங்கை வாங்கி விற்பதையும் நிறுத்தி வைத்தார்கள். அதன் பெயரைப் பலகையில் இருந்து துடைத்தவளும் நான்தான். தபாலதிபர் உன் முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று, இந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை என்று அழுதாராம். வெண்கலக் குரல் என்று சொன்ன அதே மனுசன் உன்னை அறையில் இருந்து எடுத்து, பங்கு மாற்றுகிற படிவங்களுக்கு முத்திரை குத்த வைத்தார். நீ செட்டியார் தெரு நகைக்கடைக்குப் போய் உன் தங்கக் காப்புகளை விற்று அந்த ஐயாவின் பங்குகளை நீயே வாங்கிக்கொண்டாய், பதினெட்டு ரூபாய்க்கு. செத்த கம்பனியின் கடதாசியை உயிரோடு இருந்த விலைக்கு வாங்கியவள் அந்தச் சந்தையின் சரித்திரத்தில் நீ ஒருத்திதான். பிறகு சில நாள் குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு இலக்கங்களைக் கத்திப் பழகினாய். வீட்டுக்காரம்மா வந்து என்னிடம் முறைப்பாடு சொன்னார். நான் உன்னிடம் சொன்னேன். அதோடு நிறுத்திவிட்டாய்.

காப்பு இல்லாதவளுக்குச் சீதனம் கேட்காத மாப்பிள்ளைதான் வருவான். உன்னிலும் பதினாலு வயது மூத்தவர், மொன்றியலில் இருக்கிறவர், முதல் மனைவியைப் பறிகொடுத்தவர். உன்னைக் கேட்டதற்கு நீ "ஓம்" என்றாயாம். அதையும் உன் மாமி திரும்பக் கேட்கவேண்டி வந்ததாம், காதில் விழவில்லை என்று.

நீ இங்கே வந்த பிறகு சந்தை வளர்ந்தது. வெளிநாட்டுக்காரரின் பணம் வந்தது. பங்குப் பத்திரங்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர்களிடம் இருந்து அவற்றை வாங்கி, ஒரே இடத்தில் கணினியில் பதிந்து வைத்தார்கள். அடுத்ததாக விலை கூப்பிடுவதையும் இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். எங்களுக்குப் பயிற்சி தர வந்தவன் ஒரு திரையைக் காட்டிச் சொன்னான், யார் முதலில் விலை சொன்னார் என்பதை இது நொடிக் கணக்கில் எழுதி வைக்கும், இனி யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை என்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த இயந்திரம் ஐந்து வருடம் முந்தி வந்திருந்தால் நீ வீட்டில் காப்போடு இருந்திருப்பாய். என்னைப் பத்திரங்கள் பதிகிற பகுதிக்கு மாற்றினார்கள், இரண்டு வருடத்தில் அந்த வேலையும் முடிந்தது. போக இடமில்லாமல் நான் எழுதிய கடிதத்துக்கு நீ ஒரு பக்கத்தில் பதில் போட்டாய். வா, என்னோடு இரு என்று.

செயின்ட்-மிஷேலில் உன் இரண்டறை வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். விமான நிலையத்துக்கு நீ கொண்டுவந்த குளிர்க்கோட்டு உன்னுடையது. நீ மெல்லிய ஸ்வெட்டரோடு பஸ்ஸுக்கு நின்றாய். அதையும் வாங்கிப் போட்டுக்கொள்ள எனக்கு முடிந்தது.

அங்கேதான் நான் செய்த வேலையின் அளவைப் பார்த்தேன். மூலைக்கடை டெபானர்காரன் மிச்சக் காசைக் குறைத்துத் தந்தால் நீ கேட்கமாட்டாய். பஸ் உன் தரிப்பைத் தாண்டிப் போனால் அடுத்ததில் இறங்கி நடந்து வருவாய். வீட்டுக்காரன் பனிக்காலத்தில் சூட்டை நிறுத்தினால் பிள்ளைக்கு இன்னொரு போர்வை போடுவாய். உனக்கு எது வேண்டும் என்று யாராவது கேட்டால் உன் மனுசன் பதில் சொல்வார், அவர் போன பிறகு உன் மகள் சொன்னாள். நீ வேலை செய்த கார்டரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் உன்னோடு ஒட்டிக்கொண்டதற்கும் அதுவே காரணம், அதட்டத் தெரியாத ஒரே ஆள் நீ. உனக்காகக் கத்தியது எல்லாம் நான். டெபானர்காரனிடம், வீட்டுக்காரனிடம், நகரசபையில், பள்ளிக்கூடத்தில். "இப்பிடி ஒரு சிநேகிதி கிடைக்கக் குடுத்து வச்சிருக்க வேணும்" என்று சனம் சொல்லும்போது நீயும் ஓம் என்று தலையாட்டினாய்.

ஒரு கோடைகாலப் பின்னேரம் பழைய நகரத்துக்குப் போனது நினைவிருக்கிறதா. தூண்கள் வைத்த ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று பலகையை வாசித்தாய். இந்த ஊரின் பங்குச் சந்தை ஒரு காலத்தில் அங்கேதான் நடந்ததாம், இப்போது நாடகம் போடுகிறார்கள். கதவு திறந்திருந்தது. நீ உள்ளே போய் நடுவில் நின்று கூரையைப் பார்த்தாய்.

"இஞ்ச நிண்டு கூப்பிட்டா எல்லாருக்கும் கேட்டிருக்கும் என்ன? எங்கட அறை அதுக்கேத்த அறை இல்லை" என்றாய். பிறகு, "ஒருக்கா கூப்பிட்டுப் பாக்கட்டோ?"

"சும்மா இரு. ஆக்கள் பாக்கினம்" என்றேன்.

உன் முகம் சுருங்கியது, பிறகு சிரித்தாய். உண்மையில் அங்கே ஆட்கள் என்று ஒருவரும் இல்லை. டிக்கெட் விற்கிற பெண் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கூப்பிட்டு, அது கேட்டுவிடுமோ என்றுதான் நான் பயந்தேன்.

இந்த மாசி மாதம் உனக்கு நெஞ்சு நோவு வந்தது. மகள் ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் வேலையில் நின்றாள், அவளைக் குழப்பக்கூடாது என்று நீ தனியாக மெட்ரோ ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் அவசரப் பிரிவில் உட்கார்ந்தாய். நான் வந்து பார்த்தபோது உனக்கு மூக்கில் குழாய் செருகியிருந்தது. நீயே அந்தக் கதையைப் பகிடி மாதிரிச் சொன்னாய்.

"தாதி வந்து என்ர பேரை வாசிச்சவ. பேர் உடைஞ்சு சிதறி வந்தது, எண்டாலும் எனக்கு விளங்கிச்சு. வீ எண்டு பிரெஞ்சில ஓம் சொன்னனான். மூண்டு தரம் சொன்னனான். அவ சுத்திப் பாத்துட்டுக் கடதாசியில ஒரு கோடு இழுத்துப்போட்டு அடுத்த பேரை வாசிச்சவ."

"எழும்பிப் போயிருக்கலாமே?"

"கேக்காத குரலுக்கு எழும்பி என்ன செய்யிறது? அண்டைக்கும் எழும்பித்தானே நிண்டனான்."

ஆறு மணித்தியாலம் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறாய். சரிந்து விழுந்த சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. முதலில் கூப்பிட்டபோதே உள்ளே எடுத்திருந்தால் இதயத்தில் இவ்வளவு பழுதாகியிராது என்று வைத்தியர் உன் மகளிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாய். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மகள் கோப்பி வாங்கப் போன நேரம், என் விரலைப் பிடித்தாய்.

"இனியென்ன, சொல்லு. அண்டைக்கு உனக்குக் கொஞ்சமும் கேக்கேல்லையோ? கோவிக்கமாட்டன்."

கோபிக்கமாட்டேன் என்று நீ சொன்னதுதான் என்னைத் தடுத்தது. கேட்டது என்று சொன்னால் அதோடு நிற்காது. ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். அப்படியென்றால் அதற்கு முந்தின இரண்டு வருடத்தையும் சொல்ல வேண்டும், வெண்கலக் குரலையும் சொல்ல வேண்டும். நீ பெருமையாக வைத்திருந்தது பொய், நீ வெட்கப்பட்டதும் பொய் என்று சொல்லி, அந்தக் கட்டிலில் உன்னை வெறுங்கையோடு விட வேண்டும். உனக்காகத்தான் சொல்லவில்லை என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. உன் கண்ணில் நான் சின்னவளாகிப் போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"கேக்கேல்லையடி" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாய். அதற்குப் பிறகு நீ ஒன்றும் கேட்கவில்லை, தாதியிடம் தண்ணீர்கூட.

போன கிழமை உன் மகள் வந்தாள். அந்தியேட்டிக்குக் கொடுக்க உன் படம் போட்டுக் கல்வெட்டு அச்சடிக்கிறார்கள். அந்த நினைவுப் புத்தகம் இல்லாமல் நம்மவர்களுக்குச் சாவு முடிவதில்லை. அவளுக்குத் தமிழ் எழுத வராது, பிரெஞ்சுதான்.

"ஆன்ரி, நீங்கள்தானே அம்மாவை சின்னனில இருந்து தெரிஞ்ச ஆள். முதல் பக்கத்துக்கு ரெண்டு வசனம் எழுதித் தாங்கோ. அம்மா எவ்வளவு டூஸ், எவ்வளவு மென்மை, எவ்வளவு அமைதி, அதை எழுதுங்கோ. அவ ஒருநாளும் குரல் உயர்த்தினதே இல்லை."

எழுதினேன். மேசையில் உன் படம் கிடந்தது, அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அதிர்ந்து ஒரு சொல் பேசியறியாத உத்தமி" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் பிழை பிழையாக எழுத்துக்கூட்டி வாசித்து, அழுது, என்னைக் கட்டிப்பிடித்தாள். நேற்று அச்சுக்குப் போய்விட்டது. எனக்குச் சாட்சி சொல்ல இரண்டாம் தரமும் இடம் கிடைத்தது, இரண்டாம் தரமும் அதையே சொன்னேன். ஐந்து நாளில் மண்டபத்தில் எல்லோர் கையிலும் உன் முகத்துக்குக் கீழே என் வசனம் இருக்கும். ஒவ்வொருவராக வந்து நல்லாய் எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்வார்கள். நான் நன்றி சொல்வேன்.

உனக்குத் தரவேண்டியதை இங்கே வைக்கிறேன், உனக்குப் பிரயோசனம் இல்லாவிட்டாலும். இரண்டு வருடமாக நீ கூப்பிட்ட ஒரு விலையும் என் காதில் விழுந்ததில்லை. எல்லாம் உன் வாயைப் பார்த்து எழுதியவை. அன்று நான் உன்னைப் பார்க்கவில்லை. வாங்குகிறவனின் விலையை எழுதிக்கொண்டு, பலகையின் பக்கம் முகத்தை வைத்து, உனக்கு முதுகைக் காட்டி நின்றேன். நீ கூப்பிட்டாய். ஆயிரம், பதினெட்டு, விற்க. மூன்றாம் வரிசையில் இருந்து வந்து அறை முழுக்க நிறைந்தது; பெரியவரும் கேட்டுத்தான் இருப்பார், ஆனால் அவருக்குப் பலகைதான் சாட்சி.  அது யாருடைய குரல் என்று எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. ஆண்களின் எந்தக் குரலும் அன்று அதற்குக் கிட்ட வரவில்லை. பேனையைத் திடமாகப் பிடித்துக்கொண்டுதான் நான் பதினொன்று என்று எழுதினேன்.